எஸ்சிட்டலோபிராம் ஆரம்பிச்சு அஞ்சே நாள், தம்பி நிறுத்திட்டான். டிப்ரஷன் மாத்திரை சைடு எஃபெக்ட் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஆவாரம்பூ எழுதியது (செவ்வாய், இரவு 10.40)

எல்லாருக்கும் வணக்கம். நாங்க திருச்சி பக்கம். என் தம்பிக்கு 23 வயசு, இன்ஜினியரிங் முடிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு, ஆறு மாசமா ஆளே மாறிட்டான், ரூமுக்குள்ளயே கெடப்பான், குளிக்க மாட்டான், ராத்திரி பதினோரு மணிக்கு கூட பரோட்டா வாங்கிட்டு வான்னு நச்சரிக்கற பையன் இப்ப சோத்த பெசஞ்சு வச்சுட்டு அப்படியே எந்திரிச்சு போயிருவான். ஒரு வழியா பேசி மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனோம். டிப்ரஷன்னு சொல்லி எஸ்சிட்டலோபிராம் 10, குளோனாசிபாம் 0.5 ரெண்டும் சேந்த ஒரே மாத்திரை குடுத்தாங்க. சீட்டுல 0-0-1, அதாவது ராத்திரி மட்டும் ஒண்ணுன்னு எழுதி ஒரு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. வெளியில அவ்ளோ கூட்டம், சைடு எஃபெக்ட் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, எனக்கும் கேக்கணும்னு தோணல.

மொத நாள் நல்லா தூங்குனான். ரெண்டாவது நாள்ல இருந்து வயித்த பெரட்டுதுங்கறான், பல்லு வெளக்கறப்ப உமட்டிகிட்டு வருது, உள்ளங்கை வேர்த்து ஈரமா இருக்கு, கை லேசா நடுங்குது, தூங்கி எந்திரிச்சா தாடை வலிக்குதுங்கறான். அஞ்சாவது நாள் "அக்கா இது எனக்கு ஒத்துக்கல, முன்னைய விட மோசமா இருக்கு" ன்னு சொல்லி அட்டைய பீரோ மேல தூக்கி போட்டுட்டான். பத்து மாத்திரை அட்டை, அஞ்சு குழி காலி, அஞ்சு அப்படியே இருக்கு, தெனமும் அத பாக்கறப்ப எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல.

இதெல்லாம் சாதாரணமா? இல்ல மருந்தே தப்பா? வேற வேற வகை மாத்திரை இருக்குன்னு சொல்றாங்களே, எது எப்படின்னு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


மருந்துக்கடை_மதுரை எழுதியது (செவ்வாய், இரவு 11.25)

தங்கச்சி, மொதல்ல பயப்படாதீங்க. நான் பதினாலு வருஷமா மெடிக்கல் ஷாப்ல இருக்கேன், டி.ஃபார்ம் முடிச்சவன், டாக்டர் இல்ல, அத மனசுல வச்சுகிட்டு படிங்க.

உங்க தம்பிக்கு வந்ததெல்லாம் இந்த மருந்துல மொத ரெண்டு வாரத்துல ரொம்ப பேருக்கு வர்றது தான். எஸ்சிட்டலோபிராம் எஸ்.எஸ்.ஆர்.ஐ. ன்னு சொல்ற கூட்டத்த சேந்தது. ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின், பராக்ஸெடின், சிட்டலோபிராம் எல்லாம் அதே குடும்பம். இதெல்லாம் செரடோனின்ங்கற பொருள் நரம்புக்குள்ள திரும்ப உறிஞ்சப்படறத தடுக்குது. நம்ம ஒடம்புல இருக்கற செரடோனின்ல பெரும்பங்கு மூளையில இல்ல, குடல்ல இருக்கு, அதனால தான் மருந்து போனதும் மொத அடி வயித்துல விழுது, உமட்டல், பேதி, பசியின்மை. மனசுக்கு பலன் தெரிய ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், முழுசா தெரிய ஆறு எட்டு வாரம் கூட ஆகும், ஆனா தொந்தரவு மட்டும் மொத வாரத்துலயே வந்து நிக்கும். கஷ்டம் முன்னாடியும் பலன் பின்னாடியும் வர்ற மருந்து இது. இத யாராவது முன்கூட்டியே சொல்லிட்டா பாதி பேர் நடுவுல விட மாட்டாங்க, என் கடையில தெனமும் பாக்கறேன், ஒரு மாச மாத்திரை வாங்கிட்டு போனவங்க அடுத்த மாசம் வரவே மாட்டாங்க.

நீங்க இப்ப பண்ண வேண்டியது, அந்த டாக்டருக்கு போன் பண்ணுங்க, இல்லனா நேர்ல போயி "அஞ்சு நாள்ல நிறுத்திட்டான், இது இது வந்துச்சு" ன்னு சொல்லுங்க. ஒரு மாசம் காத்திருக்க தேவையில்ல. 10 க்கு பதிலா 5 ல ஆரம்பிச்சு ஒரு வாரம் கழிச்சு ஏத்துவாங்க, ராத்திரிக்கு பதிலா காலையில இட்லி தோசை சாப்பிட்டதுக்கப்புறம் போட சொல்லுவாங்க, நெறைய பேருக்கு அதுலயே சரியாகுது. நீங்களா மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்.

இன்னொண்ணு, அந்த மாத்திரையில கூட இருக்கற குளோனாசிபாம் டிப்ரஷன் மருந்து கிடையாது. அது பதட்டத்துக்கும் தூக்கத்துக்கும். மொத நாள் நல்லா தூங்குனான்னு சொன்னீங்களே, அது அதோட வேலை. மொத சில வாரம் படபடப்பு தெரியாம இருக்க டாக்டருங்க சேத்து குடுப்பாங்க, அதுல தப்பு இல்ல. ஆனா ரெண்டும் ஒரே மாத்திரையா இருந்தா ஒண்ண மட்டும் நிறுத்த முடியாது. ஆட்கள் பழைய சீட்ட காட்டி காட்டியே வருஷக்கணக்கா வாங்கி போடறாங்க, அப்புறம் அது இல்லாம தூக்கமே வராது. ரெண்டையும் தனித்தனியா எழுதி குடுங்கன்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அத கேக்கறது உங்க உரிமை. அது போட்டிருக்கறப்ப தம்பி வண்டி ஓட்ட வேண்டாம்.


நிலா_அம்மா எழுதியது (புதன், காலை 6.10)

ஆவாரம்பூ, உங்க தம்பி மாதிரி தான் எனக்கும். பாப்பா பொறந்து ரெண்டாவது மாசம், காரணமே இல்லாம அழுதுகிட்டே இருப்பேன், கொழந்தைய தூக்கவே பயம், வீட்ல எல்லாரும் பச்ச ஒடம்புக்கு அப்படி தான் இருக்கும்னாங்க. அப்புறம் செர்ட்ராலின் 50 குடுத்தாங்க. மொத பத்து நாள் பேதி, ஒரு நாளைக்கு நாலு தடவ. கொழந்தைய அம்மா கையில குடுத்துட்டு பாத்ரூமுக்கு ஓடுவேன். தயிர் சாதம், வாழப்பழம், அவ்ளோ தான் சாப்பாடு. பதினோராவது நாளோ என்னவோ சட்டுனு நின்னுச்சு.

பால் குடுக்கலாமான்னு கேட்டப்ப கொழந்தை டாக்டரும் மனநல டாக்டரும் ரெண்டு பேருமே குடுக்கலாம்னு சொன்னாங்க, செர்ட்ராலின் தாய்ப்பால்ல ரொம்ப கொஞ்சமா தான் போகுதாம், அதனால தான் பால் குடுக்கற அம்மாவுக்கு அதையே தேர்ந்தெடுக்கறாங்களாம். இப்ப பாப்பாவுக்கு மூணு வயசு. கர்ப்பத்துல இருக்கறவங்களோ பால் குடுக்கறவங்களோ யாராவது இத படிச்சா, பயந்து நீங்களா நிறுத்தாதீங்க, கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.


நடைவண்டி எழுதியது (புதன், காலை 8.02)

நான் சொல்றது யாருக்கும் புடிக்காம போகலாம். இந்த மாத்திரை எல்லாம் ஒரு தடவ ஆரம்பிச்சா விட முடியாது, அடிமையாக்கிரும். 23 வயசு பையன், காலையில அஞ்சு மணிக்கு எழுப்பி நாலு கிலோமீட்டர் நடக்க விடுங்க, மூச்சுப்பயிற்சி பண்ண சொல்லுங்க. எங்க மாமா ஒருத்தர் இருபது வருஷம் மாத்திரை போட்டாரு, கடைசி வரைக்கும் அது இல்லாம ஒரு ராத்திரி தூங்கல.


பிஜி_இரவுப்பணி எழுதியது (புதன், காலை 9.30)

டூட்டி முடிஞ்சு வந்து படிச்சேன். நான் மனநல மருத்துவத்துல பிஜி பண்றேன். இங்க எழுதறது பொதுவான தகவல், யாருக்கும் தனிப்பட்ட சிகிச்சை ஆலோசனை இல்ல.

நடைவண்டி சார், நடைப்பயிற்சி உண்மையிலேயே உதவும், லேசான மனச்சோர்வுக்கு உடற்பயிற்சியும் பேச்சு சிகிச்சையும் மட்டுமே போதும்னு கூட சொல்லுவோம். ஆனா நடுத்தரம், கடுமைன்னு போயிட்டா எந்திரிச்சு பல்லு வெளக்கறதே மலை ஏறற மாதிரி இருக்கும், அவங்கள நாலு கிலோமீட்டர் நடன்னு சொன்னா நடக்க முடியாத குற்றவுணர்ச்சி தான் கூடும். மருந்து கொஞ்சம் தூக்கி விட்டதுக்கப்புறம் நடக்க சொல்லுங்க, அப்ப நடப்பாங்க. உங்க மாமா போட்டது என்ன மாத்திரைன்னு தெரியுமா?

மருந்து வேலை செய்யுதாங்கற கேள்விக்கு: 2018 ல லான்செட் இதழ்ல 21 மருந்துகள், 522 ஆய்வுகள், ஒரு லட்சத்து பதினாறாயிரத்துக்கும் மேல ஆட்கள், எல்லாத்தையும் சேத்து அலசி ஒரு கட்டுரை வந்துச்சு. 21 மே வெறும் மாவு மாத்திரைய விட பலன் குடுத்துச்சு, ஆனா வித்தியாசம் பெரிய அற்புதம்னு சொல்ற அளவுக்கு இல்ல, மிதமா தான். மொத மருந்துலயே முழுசா குணமாகறது ஏறக்குறைய மூணுல ஒருத்தர் தான், அமெரிக்காவுல நடந்த ஸ்டார்-டி ஆய்வுல தெரிஞ்ச விஷயம் அது. அதனால மொத மருந்து சரியா வரலன்னா அடுத்தது, அதுவும் இல்லனா அடுத்ததுன்னு மாத்தறது வழக்கம் தான், அதுக்காக நோயாளி தேறவே மாட்டாருன்னு அர்த்தம் இல்ல.

ஆவாரம்பூ, உங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம், இத தவிர்க்காம சொல்லியே ஆகணும். 25 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு ஆரம்ப வாரங்கள்லயும் டோஸ் மாத்தறப்பவும் தற்கொலை எண்ணம் கொஞ்சம் கூடலாம்னு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004 ல சிறுவர்களுக்கும் 2007 ல 24 வயசு வரைக்கும் எச்சரிக்கை போட்டுச்சு. எல்லாருக்கும் வராது. ஆனா திடீர்னு ஒரு இருப்புக்கொள்ளாமை, உக்கார முடியாத தவிப்பு, எரிச்சல், ராத்திரி முழுக்க தூங்காம நடக்கறது, இதெல்லாம் தெரிஞ்சா அன்னிக்கே டாக்டர பாக்கணும். தம்பிகிட்ட நேரடியா கேளுங்க, "சாகணும்னு தோணுதாடா" ன்னு. கேட்டா எண்ணம் வந்துரும்னு நெனைக்க வேண்டாம், அப்படி ஆகாது, கேக்கறப்ப தான் அவங்களுக்கு வாய் தெறக்கும். 14416 டெலி-மானஸ், அரசோட மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.

அதே மாதிரி, தூக்கமே இல்லாம ஆனா களைப்பும் இல்லாம ஒரேயடியா பேச்சு, செலவு, பெரிய பெரிய திட்டம்னு ஆள் தலைகீழா மாறுனா அதையும் சொல்லுங்க, பைபோலார், அதாவது அளவுக்கு மீறின உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வர்ற நோய் இருக்கறவங்களுக்கு இந்த மருந்து மட்டும் குடுத்தா அப்படி ஏறிரலாம். வீட்ல யாருக்காவது அந்த மாதிரி இருந்திருந்தா டாக்டருக்கு தெரியணும்.


நடைவண்டி எழுதியது (புதன், மதியம் 1.15)

டாக்டர், அத்தைகிட்ட போன் பண்ணி கேட்டேன். அல்பிரசோலாம் 0.5 ன்னு அட்டையில போட்டிருக்காம்.


பிஜி_இரவுப்பணி எழுதியது (புதன், மதியம் 2.40)

நெனச்சேன் சார். அது குளோனாசிபாம் வகை, தூக்கம், பதட்டத்துக்கான மாத்திரை. அதுல பழக்கம் உண்டாகும், நாளாக நாளாக டோஸ் கூட்ட சொல்லும், அது நெசம். டிப்ரஷன் மருந்துக்கு அந்த மாதிரி ஏக்கமோ போதையோ கிடையாது. ஆனா திடீர்னு நிறுத்துனா ஒடம்பு முரண்டு புடிக்கும், அதனால படிப்படியா கொறைக்கணும். உங்க மாமா பட்ட கஷ்டம் பொய் இல்ல, மருந்து தான் வேற.


நடைவண்டி எழுதியது (புதன், மதியம் 2.58)

ரெண்டும் ஒண்ணுன்னு இத்தன வருஷமா நெனச்சுட்டு இருந்தேன். அந்த தங்கச்சி பயந்திருந்தா மன்னிச்சுக்கோங்கம்மா.


வைகைக்கரை எழுதியது (புதன், இரவு 9.50)

நிறுத்தறது பத்தி பேச்சு வந்ததால எழுதறேன், ஏன்னா அத நான் ஒடம்பால அனுபவிச்சவன். எனக்கு வென்லாஃபாக்ஸின் 150, எஸ்.என்.ஆர்.ஐ. வகை, செரடோனினோட நார்அட்ரினலின்ங்கற பொருளையும் திரும்ப உறிஞ்ச விடாம தடுக்கும், டெஸ்வென்லாஃபாக்ஸின், டுலாக்ஸெடின் எல்லாம் அந்த வகை தான். நல்லா வேலை செஞ்சுது, பொய் சொல்ல மாட்டேன், ரெண்டு வருஷம் கழிச்சு மனுஷனா வேலைக்கு போனேன். சட்டை முதுகு எப்பவும் ஈரமா இருக்கும், ஏசி ஆபீஸ்ல உக்காந்து வேர்க்கறவன் நான் ஒருத்தன் தான். பிபி 120 ல இருந்து 140 க்கு போச்சு, ஒவ்வொரு ரிவ்யூவுலயும் பிபி பாப்பாங்க.

போன வருஷம் திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்கு போறப்ப மாத்திரைய வீட்லயே மறந்துட்டேன். ரெண்டு நாள் தானேன்னு விட்டுட்டேன். மறுநாள் மதியம் பந்தியில உக்காந்து இருக்கேன், பரிமாறறவர் பக்கம் கண்ண திருப்பறேன், மண்டைக்குள்ள "ஜிவ்" னு ஒரு ஷாக். கரண்ட் கம்பிய தொட்டுட்டு கைய எடுத்த மாதிரி. மறுபடி கண்ண திருப்புனா மறுபடி. எந்திரிச்சா தரை சாயுது, காரணமே இல்லாம கண்ல தண்ணி, எல கூட மடிக்காம வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்துட்டேன். ஹார்ட் அட்டாக்னு நெனச்சு மச்சான் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போனாரு. அங்க இருந்த டாக்டர் ஒருத்தர் தான் "என்ன மாத்திரை போடறீங்க, எப்ப நிறுத்துனீங்க" ன்னு கேட்டு கண்டுபுடிச்சாரு. மாத்திரை போட்டு சில மணி நேரத்துல சரியாயிடுச்சு.

அப்புறம் தான் புரிஞ்சுது, வென்லாஃபாக்ஸின் ரத்தத்துல அஞ்சு மணி நேரத்துல பாதியா கொறஞ்சிரும், பராக்ஸெடினும் சீக்கிரம் போறது தான், அதனால இந்த ரெண்டையும் விடறது தான் ரொம்ப கஷ்டம். ஃப்ளூவாக்ஸெடின் அப்படி இல்ல, வாரக்கணக்குல ஒடம்புல நிக்கும், தானாவே மெதுவா எறங்கும். இப்ப எனக்கு 150 ல இருந்து 75, அதுல ரெண்டு மாசம், இப்ப 37.5. எங்க போனாலும் சட்டை பாக்கெட்ல நாலு மாத்திரை இருக்கும்.

இன்னொண்ணு சொல்லணும். அது மருந்து உச்சத்துல இருந்த காலம். அப்பா தவறிட்டாரு. எல்லாரும் அழறாங்க, நான் மால வாங்கறது, பந்தல்காரனுக்கு காசு குடுக்கறதுன்னு எல்லாம் பண்றேன், எனக்கு அழுகை வரல. துக்கம் உள்ள இருக்கு, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிக்கற மாதிரி. கல் மனசுக்காரன்னு அக்கா பேசுனது இன்னும் காதுல இருக்கு. ஆறு மாசம் கழிச்சு டாக்டர்கிட்ட சொன்னப்ப தான் உணர்ச்சி மழுங்கறதும் மருந்தோட ஒரு விளைவு, சொல்லியிருந்தா டோஸ் கொறச்சிருப்பேன்னாரு. டோஸ் எறங்க எறங்க போன மாசம் அப்பாவோட மூக்குக்கண்ணாடி டப்பாவ தொறந்தப்ப அழுதேன். நல்லா அழுதேன்.


பெயர்_வேண்டாம் எழுதியது (வியாழன், நள்ளிரவு 12.20)

இதுக்காகவே புது ஐடி போட்டேன். யாரும் பேசாத ஒண்ணு இருக்கு, ஆனா இத தான் மொதல்ல பேசணும். கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம், செர்ட்ராலின் 100 போட்டுட்டு இருந்தேன். ஆசையே இல்லாம போச்சு, இருந்தாலும் முடிவுக்கு வராது. எட்டு மாசம் யார்கிட்டயும் சொல்லல. என் மனைவி அவ மேல எனக்கு விருப்பம் இல்லன்னு முடிவு பண்ணிட்டா, தனியா அழுதிருக்கா, எனக்கு அது கூட தெரியாது. ஒரு நாள் அவளே மாத்திரை பேர போன்ல தேடி படிச்சுட்டு "இதுனால தானா" ன்னு கேட்டா. அன்னிக்கு ரெண்டு பேரும் விடிய விடிய பேசுனோம்.

டாக்டர்கிட்ட ரெண்டு பேருமா போனோம். எஸ்.எஸ்.ஆர்.ஐ. போடறவங்கள்ல நெறைய பேருக்கு வர்றது தான், ஆம்பள பொம்பள ரெண்டு பேருக்கும் வரும்னு சொன்னாங்க. இந்த வகையிலயே டபாக்ஸெடின்னு ஒரு மருந்த விந்து சீக்கிரம் வர்ற பிரச்சனைக்கு சிகிச்சையாவே குடுக்கறாங்கன்னா பாத்துக்கோங்க. எனக்கு செர்ட்ராலின மெல்ல கொறச்சு புப்ரோபியான் 150 சேத்தாங்க, அது டோபமின், நார்அட்ரினலின் வழியா வேலை செய்யறதால இந்த தொல்லை ரொம்ப கொறைவு. குடுக்கறதுக்கு முன்னாடி ஃபிட்ஸ் வந்திருக்கான்னு ரெண்டு தடவ கேட்டாங்க, வலிப்பு உள்ளவங்களுக்கு அது கூடாதாம். வாய் வறண்டு போகும், ராத்திரி போட்டா தூக்கம் போயிரும், அதனால காலையிலேயே போட்டுருவேன். மூணு மாசத்துல சரியாச்சு.

எட்டு மாசம் வாய மூடிட்டு இருந்தது தான் என் வாழ்க்கையில பண்ண பெரிய தப்பு. கூச்சமா இருந்தா ஒரு துண்டுச் சீட்டுல எழுதி டாக்டர் மேசையில வச்சுருங்க, நான் அப்படி தான் பண்ணேன்.


கோவை_அந்திமல்லி எழுதியது (வியாழன், காலை 10.05)

வயசானவங்க வீட்ல இருந்தா இத படிங்க. அம்மாவுக்கு 66. அப்பா போனதுக்கப்புறம் சாப்பிடறதே இல்ல, எளச்சு போயிட்டாங்க, எஸ்சிட்டலோபிராம் 5 ஆரம்பிச்சோம். பிபிக்கு ஏற்கனவே ஹைட்ரோகுளோரோதயசைடுங்கற நீர் பிரிக்கற மருந்து கலந்த மாத்திரை போட்டுட்டு இருந்தாங்க. பன்னெண்டாவது நாள் "மணி என்ன" ன்னு கேட்டாங்க, சொன்னேன். ஒரு நிமிஷத்துல மறுபடி "மணி என்ன". நாலாவது தடவ கேக்கறப்ப வெத்தல மடிச்ச கை பாதியிலயே நின்னு போச்சு, என்னையே வெறிச்சு பாக்கறாங்க, அப்புறம் என் பேரு மறந்து சித்தி பேர சொல்லி கூப்டாங்க. பக்கவாதம்னு பதறி போனோம். ரத்தத்துல சோடியம் 118. 135 க்கு மேல இருக்கணும். ஐசியுவுல நாலு நாள், மெதுவா தான் ஏத்தணுமாம், வேகமா ஏத்துனா மூளைக்கு ஆபத்தாம்.

இந்த மருந்து வயசானவங்களுக்கு சோடியத்த எறக்கும், கூட இந்த மாதிரி நீர் மாத்திரையும் இருந்தா இன்னும் எறக்கும். பிபி மாத்திரை அட்டைய நாங்க மனநல டாக்டர்கிட்ட காட்டவே இல்ல, பிபி மட்டும் தான்னு வாயால சொல்லிட்டோம். ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல ஒரு சோடியம் டெஸ்ட் எடுத்திருந்தா தப்பிச்சிருப்போம். அம்மாவுக்கு தலவலி, தள்ளாட்டம், மப்பு எல்லாம் ரெண்டு நாள் முன்னாடியே இருந்துச்சு, துக்கம்னு விட்டுட்டோம்.

இப்ப மிர்ட்டாஸபின் 7.5, ராத்திரிக்கு. அது வேற வகை, சோடியம் தொல்லை கொறைவு. நல்லா தூங்கறாங்க, பசி எடுக்குது, அந்த மருந்து சின்னவங்களுக்கு குடுத்தா எட கூடுதேன்னு கவலப்படுவாங்க, எங்க அம்மாவுக்கு அது தான் வரமா ஆச்சு, 41 கிலோவுல இருந்து 47.


பனங்கூடல் எழுதியது (வியாழன், மாலை 6.45)

நான் யாழ்ப்பாணம். எனக்கு முதல் தந்தது அமிட்ரிப்டிலின் குளிசை, இரவில 25. போட்டு கொஞ்ச நேரத்தில கண் இழுத்துக்கொண்டு போகும், விடிய எழும்பேலாது, எழும்பினாலும் தலை பாரமாக் கிடக்கும். வாய் காய்ஞ்சு நாக்கு அண்ணத்தோட ஒட்டும், பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறனான், நாலு வசனம் கதைக்க முதல் தண்ணிப்போத்தல் தேவை. மலச்சிக்கலும் பெரிய கரைச்சல். கதிரையில இருந்து சடாரெண்டு எழும்பினால் கண் இருட்டும்.

இது ட்ரைசைக்ளிக் எண்ட பழைய வகை, இமிப்ரமின் எண்டது தான் அதில முதல் வந்தது, சுவிட்சர்லாந்தில ரோலண்ட் கூன் எண்ட வைத்தியர் 1957 இல வெளியிட்டவர். பழசு எண்டு குறைவா நினைக்க வேண்டாம், மனச்சோர்வுக்கு நல்லா வேலை செய்யும். இப்ப 10 மில்லிகிராம் போல சின்ன அளவில ஒற்றைத் தலையிடிக்கும் நரம்பு வலிக்கும் தாறவை, அதனால அந்தக் குளிசை தந்தால் உங்களுக்கு விசர் எண்டு வைத்தியர் நினைக்கிறார் எண்டு கோவிக்காதேங்கோ. புரோஸ்டேட் வீக்கம், கண் அழுத்தம், இருதய வருத்தம் இருக்கிற ஆக்கள் கட்டாயம் முதல் சொல்லவேணும். அளவுக்கு மிஞ்சினால் இருதயத்தைத் தாக்கும், அதால எங்கட வீட்டில அம்மா தான் பெட்டிய வைச்சிருந்து ஒவ்வொண்டாத் தந்தவ. எனக்கு அது பெரிய உதவி. இப்ப ஃப்ளூவாக்ஸெடினுக்கு மாத்திப் போட்டினம், நித்திரை கொஞ்சம் குறைவு, மற்றபடி சுகம். இலங்கையில இருக்கிற ஆக்கள் 1926 எண்ட மனநல உதவி இலக்கத்துக்கு அடிச்சுக் கதைக்கலாம்.


மருந்துக்கடை_மதுரை எழுதியது (வியாழன், இரவு 10.30)

எல்லாரும் எழுதறத படிச்சுட்டு கடை அடைச்சுட்டு உக்காந்து எழுதறேன். எம்.ஏ.ஓ.ஐ. ன்னு இன்னொரு வகை இருக்கு, அது தான் மொத மொத வந்தது, இப்ரோனியாஸிட்னு காசநோய்க்கு குடுத்த மருந்து, 1950 கள்ல அத போட்ட நோயாளிங்க உற்சாகமாயிட்டத பாத்து தான் மனசுக்கு குடுக்கலாம்னு யோசனை வந்துச்சு. பழைய சீஸ், புளிக்க வச்ச சாப்பாடு ஒத்துக்காது, பிபி எகிறிரும். நம்ம ஊர்ல அந்த சீட்டு அபூர்வம்.

ஆனா நான் சொல்ல வந்தது கவுண்டர்ல நடக்கறது. டிப்ரஷன் மாத்திரை வாங்கறவங்க அதே கையோட மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் குடுங்கம்பாங்க. எஸ்.எஸ்.ஆர்.ஐ. போடறவங்க டைக்ளோஃபினாக், இப்யூப்ரோஃபென், ஆஸ்பிரின் அடிக்கடி போட்டா வயித்துல ரத்தக்கசிவு வர்ற வாய்ப்பு கூடும், மலம் கருப்பா போனா ஒடனே பாக்கணும். பாராசிட்டமால் பரவாயில்ல. டிரமடால்ங்கற வலி மாத்திரை, அப்புறம் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருக்கற இருமல் டானிக், இதுல எது டிப்ரஷன் மாத்திரையோட சேந்தாலும் செரடோனின் ரொம்ப ஏறி நடுக்கம், காய்ச்சல், வேர்வை, கொழப்பம், தசை விறைப்புன்னு வரலாம், அபூர்வம் தான், வந்தா எமர்ஜென்சி. அதனால எந்த டாக்டர்கிட்ட போனாலும், பல்லு புடுங்க போனாலும் சரி, எல்லா அட்டையையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க. கோவை தங்கச்சி எழுதுனத படிச்சீங்கள்ல.

காசு கஷ்டம்னு நிறுத்தறவங்களும் உண்டு. அரசு மருத்துவக்கல்லூரி, மாவட்ட தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுல இதெல்லாம் இலவசமா குடுக்கறாங்க, தயங்காம போங்க.


ஆவாரம்பூ எழுதியது (ஞாயிறு, இரவு 9.15)

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. வெள்ளிக்கிழமை தம்பிய மறுபடி கூட்டிட்டு போனேன், போறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல எல்லாம் எழுதிகிட்டேன். டாக்டர் கோவிக்கல, தாள வாங்கி முழுசா படிச்சாங்க. எஸ்சிட்டலோபிராம் 5 காலையில சாப்பிட்டதும், ஒரு வாரம் கழிச்சு 10. குளோனாசிபாம் தனியா 0.25 ராத்திரி, ரெண்டே வாரம், அதோட நிறுத்திரலாம்னு எழுதி குடுத்தாங்க. ரிவ்யூ ஒரு மாசம் இல்ல, பத்து நாள்.

பிஜி டாக்டர், நீங்க சொன்னத போற வழியில பஸ்ஸுக்கு நிக்கறப்ப கேட்டேன். எனக்கு தொண்டையே வரல, ஆனாலும் கேட்டேன். ரொம்ப நேரம் ரோட்டையே பாத்துட்டு "அப்பப்ப வருது அக்கா, ஆனா பண்ண மாட்டேன்" னான். டாக்டர்கிட்டயும் அத அவனையே சொல்ல வச்சேன். இப்ப மாத்திரை என் கைப்பையில இருக்கு, அவன் ரூம்ல நானும் படுத்துக்கறேன்.


ஆவாரம்பூ எழுதியது (மூணு வாரம் கழிச்சு, சனி, மாலை 5.30)

நான் தம்பி. அக்கா போன்ல இருந்து எழுதறேன், அவ தான் இந்த இழைய படிக்க குடுத்தா, ரெண்டு நாளா படிச்சேன்.

நான் ஏன் நிறுத்துனேன்னு சொல்றேன். உமட்டல், நடுக்கம் எல்லாம் தாங்கிருப்பேன். ஏற்கனவே நான் எதுக்கும் லாயக்கில்லன்னு நெனச்சுட்டு இருந்தேன், இப்ப மருந்து கூட எனக்கு ஒத்துக்கல, அந்த அளவுக்கு நான் கெட்டுப்போயிட்டேன்னு தான் தோணுச்சு. இது எல்லாருக்கும் வரும், ரெண்டு வாரத்துல கொறையும்னு ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா அட்டைய தூக்கி போட்டிருக்க மாட்டேன். 5 ல ஆரம்பிச்சப்ப உமட்டல் ரொம்ப கம்மி, 10 க்கு மாத்துனதும் மூணு நாள் வந்துச்சு, எலுமிச்சங்கா ஊறுகாய கொஞ்சம் நாக்குல வச்சுகிட்டா அடங்குச்சு. தாடை இறுக்கம் இன்னும் இருக்கு. கனவெல்லாம் ரொம்ப தெளிவா வருது, முழிச்சதுக்கப்புறமும் நெசமா கனவான்னு ஒரு நிமிஷம் யோசிக்கணும். தூக்க மாத்திரைய நிறுத்தி ஒரு வாரம் ஆச்சு, மொத ரெண்டு நாள் பொரண்டேன், இப்ப பன்னெண்டு மணிக்கு தூங்கிடறேன்.

சரியாயிட்டேன்னு சொல்ல மாட்டேன். காலையில எந்திரிக்கறப்ப நெஞ்சு மேல கெடக்கற பாரம் இருக்கு, ஆனா பத்து பதினோரு மணிக்கு கொறயுது, முன்ன நாள் பூரா இருக்கும். நேத்து நானே போயி முடி வெட்டிட்டு வந்தேன்.

மதுரை அண்ணாகிட்ட ஒரு கேள்வி. இன்னிக்கு காலையில மாத்திரை போட மறந்துட்டேன், இப்ப தான் ஞாபகம் வந்துச்சு. இப்ப போடலாமா, இல்ல நாளைக்கு ரெண்டா போடணுமா?


மருந்துக்கடை_மதுரை எழுதியது (சனி, மாலை 5.52)

தம்பி, ரெண்டா எப்பவும் போடாத. மறந்தது அன்னிக்கே ஞாபகம் வந்தா போட்டுக்கலாம், மறுநாள் வேளை நெருங்கிட்டா விட்டுட்டு வழக்கம் போல ஒண்ணு. இப்ப சாயந்திரம் தானே, ஏதாவது சாப்பிட்டுட்டு போட்டுக்கோ, ராத்திரி தூக்கம் கொஞ்சம் தள்ளி போகலாம். நாளைக்கு காலையில எப்பவும் போல. தாடை இறுக்கத்த மட்டும் ரிவ்யூவுல மறக்காம சொல்லு.